காலிஃபிளவரும் குரங்கும்

எத்தனையோ பேரின் வயிற்றைப் புரட்டிய அந்தப் பண்டம் வெறும் காலிஃபிளவர். நிஜச் சாவுகளின் தொகுப்பு என்று சொல்லிக்கொண்டு 1978இல் வந்த ‘ஃபேசஸ் ஆஃப் டெத்’ படத்தில் ஓர் உணவகக் காட்சி உண்டு. சுற்றுலா வந்தவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். மேஜை நடுவில் ஒரு ஓட்டை, அதில் உயிருள்ள குரங்கின் தலை. ஆளுக்கொரு சுத்தியலால் அடித்து, மண்டையைத் திறந்து, மூளையை எடுத்துச் சாப்பிடுவார்கள். பிற்பாடு படம் எடுத்தவர்களே விஷயத்தைப் போட்டு உடைத்தார்கள். சுத்தியல் ஸ்பாஞ்சு, மண்டை செய்து வைத்தது, மூளை காலிஃபிளவர், மேலே ஊற்றியது சினிமா ரத்தம். குரங்குக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இரண்டு வருஷம் கழித்து இத்தாலியிலிருந்து ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ வந்தது. அதிலும் ஒரு குரங்கு, அதிலும் தலைதான். இது நிஜமாகவே வெட்டப்பட்டது. முதல் டேக் திருப்தியாக இல்லையென்று இன்னொரு குரங்கைக் கொண்டுவந்து அதையும் வெட்டினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காலிஃபிளவர் படம் தன்னை ஆவணப்படம் என்று சொல்லிக்கொண்டது. குரங்கைக் கொன்ற படம் கதைப்படம். நடிகர்கள், வசனம், இயக்குநர் எல்லாம் உண்டு. இந்த மாதிரிப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே நாம் கேட்கிற முதல் கேள்வி, “நிஜமா, டூப்பா?” என்பதுதான். இந்த இரண்டு குரங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

நான் சேலத்துக்காரன். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்று வீடியோ எடுத்து, எடிட் செய்து கொடுப்பது தொழில். இந்தப் படங்கள் எனக்கு அறிமுகமானது தொழிலுக்கு வருவதற்கு ரொம்ப முன்னால், கேசட் காலத்தில். அப்போது தெருவுக்குத் தெரு வீடியோ கடை இருந்தது. டிவியும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்குக் கிடைக்கும், கூடவே மூன்று படம் தருவார்கள். ஒரு சாமி படம், ஒரு ரஜினி படம், ஒரு புதுப்படம். பெரியவர்கள் தூங்கிய பிறகு யாராவது ஓர் அண்ணன் சட்டைக்குள்ளிருந்து நாலாவதாக ஒரு கேசட்டை எடுப்பார். கடைக்காரர் அதை அலமாரியில் வைக்க மாட்டார், கல்லாப் பெட்டிக்குக் கீழே வைத்திருப்பார். அட்டையில் படம் கிடையாது. ‘சாவு படம்’ என்று பேனாவில் எழுதியிருக்கும். வெளிநாட்டில் விற்ற அட்டைகளில் ‘46 நாடுகளில் தடை செய்யப்பட்டது’ என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அது சுத்த வியாபாரப் பேச்சு. எங்களுக்கு அந்த அட்டைகூடத் தேவைப்படவில்லை. கல்லாவுக்குக் கீழே இருந்தது என்பதே போதுமான சர்டிபிகேட்டாக இருந்தது.

நாங்கள் பார்த்த கேசட் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருந்தது. விஎச்எஸ் நாடாவைப் பிரதி எடுக்க எடுக்கப் படம் மங்கும், விளிம்புகள் கரையும். சிவப்பு நிறம்தான் முதலில் கெடும். தன் இடத்தை விட்டு ஓரத்தில் வழியும். ரத்தம் சட்டையைத் தாண்டிக் காற்றில் மிதக்கிற மாதிரித் தெரியும். படம் மங்க மங்க எங்களுக்கு நம்பிக்கை கூடியது. ஒப்பனையின் தையல்களை எல்லாம் அந்த மங்கல் மூடிவிட்டது. இன்றைக்கு அதே படம் டிஜிட்டலில் சுத்தம் செய்து கிடைக்கிறது. போட்டுப் பாருங்கள், காலிஃபிளவர் காலிஃபிளவராகவே தெரிகிறது.

தொழிலுக்கு வந்த பிறகு பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. உணவகக் காட்சியில் தூரத்திலிருந்து ஒரு ஷாட், சுத்தியலுக்கு ஒரு குளோசப், முகம் சுளிக்கிற பெண்ணுக்கு ஒரு ரியாக்‌ஷன் ஷாட், எல்லாம் சரியான நேரத்தில் வந்து விழுகின்றன. ஒரு கல்யாணத்தில் முகூர்த்த நேரத்துக்கு இப்படி ஷாட் அமைய நான் மூன்று பேரைக் கேமராவோடு நிறுத்தி, முதல் நாளே மண்டபத்தில் லைட் பார்த்துவைக்க வேண்டும். நிஜமான அசம்பாவிதம் நடக்கிற இடத்தில் கேமரா பெரும்பாலும் தப்பான இடத்தில்தான் இருக்கும். தாமதமாகத் திரும்பும். ஃபோகஸ் தேடும். முக்கியமான நேரத்தில் யாரோ ஒருவரின் முதுகு குறுக்கே வரும்.

அந்தப் படத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1978 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்தில் பயணிகள் விமானம் ஒன்று சின்ன விமானத்தோடு மோதிக் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். விபத்துக்குப் பிந்தைய தெருக்கள் படத்தில் வருகின்றன. அங்கே கேமரா திணறுகிறது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் அலைகிறது. அது நிஜம். அதற்கு முன்னும் பின்னும் செட் போட்டு எடுத்த சாவுகளை அடுக்கி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குரலில் விளக்கம் சொன்னார்கள். விளக்கம் சொல்கிற டாக்டர் ஃபிரான்சிஸ் கிராஸ் என்று ஒரு டாக்டரே கிடையாது. மைக்கேல் கார் என்ற நடிகர் அந்த வேஷம் போட்டார். இயக்கிய ஜான் ஆலன் ஷ்வார்ட்ஸ் பொய்ப் பெயரில் ஒளிந்துகொண்டார். போதாததற்கு, மனித மாமிசம் தின்னும் கும்பலின் தலைவனாகப் படத்தில் வருவதும் அவர்தான். தயாரிப்புச் செலவு மிச்சம்!

டூப் காட்சிகளைக் கண்டு நான் பெரிதாகக் கோபப்படுவதில்லை. சேலத்தில் பிறந்தவனுக்கு அந்த உரிமையும் இல்லை. ஏற்காடு ரோட்டில் போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய முகப்பு வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டுடியோ அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. 1940இல் ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பாவை இரண்டு ஆளாகத் திரையில் நிறுத்தியவர்கள் இவர்கள்தான். 1952இல் ஒரு அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்று ஓர் ஆங்கிலப் படம் எடுத்தார்கள். அதில் பனியுகத்து மாமத் யானைகள் வரும். எப்படி என்கிறீர்களா? நம் ஊர் யானைகளின் மேல் ரோமத்தைப் போர்த்திவிட்டார்கள், அவ்வளவுதான். டிக்கெட் வாங்கியவனுக்கு அது யானை என்று தெரியும், எடுத்தவருக்கும் தெரியும். ஒருவர் காதில் ஒருவர் பூச்சுற்றவில்லை. மாமத் வேஷத்தில் அந்த யானை வேர்வையில் என்ன பாடுபட்டிருக்கும் என்பது மட்டும்தான் என் சந்தேகம்.

சாவுப் படங்களின் மோசடி வேறு இடத்தில் இருக்கிறது. அதைத் தேடிக்கொண்டு போனால் 1962க்கு, ‘மோண்டோ கேனே’ என்ற இத்தாலியப் படத்துக்குப் போக வேண்டும். குவால்தியரோ ஜாக்கோபெட்டி, பாவ்லோ கவாரா, ஃபிராங்கோ ப்ரோஸ்பெரி என்று மூன்று பேர் சேர்ந்து எடுத்தது. உலகத்தின் விசித்திரங்களையும் கொடூரங்களையும் தொகுத்துக் காட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்து, பிரான்சின் கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவில் இடம்பிடித்தது. அதன் இசைக்குப் பிறகு வரிகள் எழுதி ‘மோர்’ என்ற பாட்டாக்கினார்கள். அது ஆஸ்கருக்குப் பரிந்துரையாகி, இன்றும் வெளிநாட்டுக் கல்யாணங்களில் ஒலிக்கிறது. இந்தப் படத்தைப் பார்த்துத்தான் ‘மோண்டோ’ என்று ஒரு வகையே பிறந்தது. பின்னாளில் வந்த சாவுப் படங்கள் எல்லாம் இதன் வாரிசுகள்.

அதில் ஒரு கட் உண்டு. எடிட் டேபிளில் உட்கார்கிற எல்லோரும் ஒரு தடவை பார்க்க வேண்டிய கட். அமெரிக்காவில் செல்ல நாய்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம். நாய்க்குக் கல் நட்டு, பூ வைத்து, கண் கலங்கி நிற்கிறார்கள். அடுத்த ஷாட் தைவான். கூண்டில் நாய்கள், சாப்பாட்டுத் தட்டில் நாய்க்கறி. கல்லறையும் இருந்தது, கறிக்கடையும் இருந்தது. இரண்டையும் ஒட்டவைத்த அந்த ஒரு நொடியில்தான் தைவான்காரன் அரக்கனாகவும் அமெரிக்கக் கிழவி கோமாளியாகவும் ஆகிப்போனார்கள். அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது.

ஈவ் க்ளைன் விஷயம் இன்னும் கொடுமை. பிரெஞ்சு ஓவியர். ஒரு நீல நிறத்தையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். பெண்களின் உடம்பில் நீலச் சாயம் பூசி, அந்த உடம்புகளின் தடத்தைக் கேன்வாஸில் பதிக்கிற நிகழ்ச்சியை நடத்திவந்தார். அது கலையா கிறுக்கா என்பது அவரவர் முடிவு. அவரைப் பொறுத்தவரை பூஜை மாதிரியான காரியம். படக்குழு வந்து எடுத்துக்கொண்டு போனது. 1962 மே மாதம் கான் விழாவில் தன் காட்சியைப் பார்க்க ஆசையோடு போனார். திரையில், கிண்டல் தொனி வர்ணனைக்கு நடுவே, அவருடைய வேலை ஒரு கேலிக்கூத்தாக வந்து போனது. அன்றைக்கே மாரடைப்பு. ஜூன் 6ஆம் தேதி இன்னொரு மாரடைப்பில் இறந்துபோனார். வயது 34. படம்தான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன், உடம்புக்குள் என்ன இருந்தது என்பது யாருக்குத் தெரியும். ஆனால் அந்தக் காட்சியில் நடிப்பு இல்லை, டூப் இல்லை, பெண்களும் சாயமும் நிஜம், அவரும் நிஜம். பொய்யெல்லாம் பின்னால் ஓடிய குரலில் இருந்தது.

இது எனக்கு வெறும் வரலாறாக இருந்திருக்கும், ஓர் ஆடித் திருவிழா குறுக்கே வந்திருக்காவிட்டால்.

ஆடி வந்துவிட்டால் சேலத்தில் எங்களுக்கு ஓய்வே கிடையாது. ஊரெல்லாம் அம்மன் பண்டிகை. ஒரு கோவில் கமிட்டி அலகு குத்துவதை வீடியோ எடுக்கக் கூப்பிட்டது. முதலில் வந்தது கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிற ஒரு பையன். விரதம் இருந்து, மஞ்சள் வேட்டி கட்டி, கண்ணை மூடி நிற்கிறான். பம்பை அடிக்கிற அடியில் காதுக்குள் வேறெதுவும் நுழையாது. கமிட்டிக்காரர் ஒருவர், “பூசாரி, ஒரு நிமிஷம் இருங்க, கேமரா இந்தப் பக்கம் வரட்டும்” என்று கத்தினார். பூசாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கன்னத்தில் விபூதியை அப்பினார், இரண்டு விரலால் சதையை இழுத்துப் பிடித்தார், வேல் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது பூசாரியின் முதுகு.

அடுத்த பையனிலிருந்து கமிட்டி ஜெயித்துவிட்டது. வெளிச்சம் இருக்கும் பக்கம் அவனைத் திருப்பி நிறுத்தினார்கள், நான் குளோசப் எடுத்தேன். அவனுடைய அத்தை அவனை ஒட்டியே நின்றது. ஒரு கை அவன் முதுகில், இன்னொரு கையில் முந்தானை. வேல் கன்னத்தைத் தொடுகிற நேரத்தில் அவனுக்கு வேர்த்ததைத் துடைத்துவிட்டது. வேலின் நுனியில் எலுமிச்சம்பழம் குத்தினார்கள். ஊர்வலம் முடிந்து வேலை உருவி, விபூதியை அழுத்தி வைத்ததும் பையன் முதலில் கேட்டது, “மோர் இருக்கா அத்தை?”

கமிட்டி அந்த வீடியோவைத் தங்கள் பக்கத்தில் போட்டது. கொஞ்ச நாளில் யாரோ முகம் தெரியாத ஒரு சேனல்காரர்கள் அதை எடுத்து, சில விநாடி மட்டும் வெட்டி, ஸ்லோ மோஷனில் ஓட்டி, அடிவயிற்றில் உறுமுகிற ஒரு சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். பம்பை போயிற்று. வேல் நுழைகிற ஷாட்டை இரண்டு தடவை காட்டினார்கள். மேலே ‘பதற வைக்கும் காட்சி’ என்று எழுத்து. அத்தை இல்லவே இல்லை. ஃபிரேமைப் பெரிதாக்கி அத்தையை ஓரத்தில் தள்ளி வெட்டிவிட்டார்கள். கீழே வந்த கருத்துகளில் பாதி ‘இது ஒட்டவைத்த வேல், டூப்பு’, மீதி ‘காட்டுமிராண்டிகள்’. நான் எடுத்த ஷாட், நிஜமான வேல், நிஜமான கன்னம். அதை டூப் என்றவனும் ஏமாந்தான், நிஜம் என்று நம்பிப் பதறியவனும் ஏமாந்தான். முந்தானையை வெட்டி எறிந்த பிறகு அங்கே மிச்சமிருந்தது வலி மட்டும். எனக்குத் தெரிந்து அந்தப் பையனுக்கு அன்றைக்கு அது முக்கியமான விஷயமே இல்லை.

அன்றிலிருந்து இந்தப் படங்களை நான் வேறொரு கேள்வியோடுதான் பார்க்கிறேன். கேமரா அங்கே போகாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? அலகு நடந்திருக்கும். எங்கள் தாத்தா காலத்திலும் நடந்தது. இரண்டாவது பையன் வெளிச்சத்துக்குத் திரும்பி நின்றது மட்டும் எனக்காக.

அதே ஜாக்கோபெட்டியும் ப்ரோஸ்பெரியும் 1966இல் ‘ஆப்பிரிக்கா அடியோ’ எடுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் கிளம்பிப் போகிற ஆப்பிரிக்கா எப்படிச் சீரழிகிறது பாருங்கள் என்று காட்டுகிற படம். தொனியே எனக்கு ஒவ்வாது. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில் 1964 புரட்சியின்போது நடந்த படுகொலைகளை வானத்திலிருந்து எடுத்த காட்சிகள் அதில் உண்டு. அவை நிஜம். காங்கோவில் கூலிப்படையினர் மனிதர்களைச் சுட்டுக் கொல்கிற காட்சிகளும் உண்டு. அதுவும் நிஜம். பிரச்சினை அங்கேதான் வெடித்தது. சுடுகிற நேரத்தைக் கேமராவின் வசதிக்காக ஏற்பாடு செய்தார்கள் என்று இத்தாலியில் குற்றச்சாட்டு கிளம்பி, ஜாக்கோபெட்டி விசாரணைக்கு ஆளானார். கடைசியில் விடுவிக்கப்பட்டார். யோசித்துப் பாருங்கள், அங்கே ‘இது நிஜம்தான்’ என்பது தப்பிக்கிற பதில் கிடையாது. அதுதான் குற்றச்சாட்டே.

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் குழந்தைகள் பார்க்கிற படத்தில் இருக்கிறது. 1958இல் டிஸ்னி ‘ஒயிட் வில்டர்னஸ்’ என்று வடதுருவப் பிரதேச விலங்குகளைப் பற்றி ஒரு படம் எடுத்தது. ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதும் வாங்கியது. லெம்மிங் என்கிற எலி மாதிரியான பிராணிகள் கூட்டம் கூட்டமாக ஓடிவந்து பாறையிலிருந்து கடலில் குதித்துச் செத்துப்போவதை அதில் காட்டுவார்கள். லெம்மிங்குகள் தற்கொலை செய்துகொள்வதில்லை. 1982இல் கனடா தொலைக்காட்சி ஒன்று விசாரித்து வெளிச்சம் போட்டது. அந்தக் காட்சியை எடுத்த ஆல்பர்ட்டா மாகாணத்தில் கடலே கிடையாது. மானிடோபாவில் இனுயிட் பழங்குடிக் குழந்தைகளிடம் காசு கொடுத்து வாங்கிய லெம்மிங்குகளைக் கொண்டுவந்து, பனி தூவிய சுழலும் மேடையில் ஓடவிட்டுக் கொஞ்சத்தைக் கூட்டமாகக் காட்டி, பிறகு ஓர் ஆற்றங்கரைப் பாறையிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள். கதை பொய், சாவு நிஜம். அந்தப் படத்துக்கு யாரும் கல்லாவுக்குக் கீழே இடம் கொடுக்கவில்லை. குடும்பத்தோடு பார்த்தார்கள்.

குரங்கை வெட்டிய படத்துக்குத் திரும்ப வருகிறேன். இயக்குநர் ருஜெரோ டியோடாட்டோ. காட்டில் காணாமல் போன படக்குழுவின் சுருள்கள் கிடைக்கின்றன, அதில் அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது என்று கதை. பார்ப்பவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக, நடித்தவர்கள் ஒரு வருஷம் வெளியில் தலைகாட்டக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருந்தார். நம்பிக்கை கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்துவிட்டது. மிலானில் படம் வெளியான சில நாளிலேயே பறிமுதல் செய்தார்கள், நடிகர்களை நிஜமாகவே கொன்றுவிட்டார் என்று அவர் மேல் சந்தேகம். ஒப்பந்தத்தைக் கிழித்துப்போட்டு, ஆட்களைத் தேடிப்பிடித்து, உயிரோடு இருக்கிறார்கள் பாருங்கள் என்று காட்ட வேண்டியதாயிற்று. கழுவில் ஏற்றப்பட்ட பெண்ணின் காட்சியை எப்படி எடுத்தோம் என்றும் விளக்கினார். கம்பத்தில் ஒரு சைக்கிள் சீட்டைப் பொருத்தி அதில் உட்காரவைத்து, வாயில் லேசான மரத்துண்டைக் கவ்வச் சொல்லியிருக்கிறார்கள்.

மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கொலைச் சந்தேகம் தீர்ந்தது. குரங்குகள், ஆமை, பன்றி எல்லாம் செத்தது செத்ததுதான். அதற்காகவும் அவர் தண்டனை பெற்றார். ஆனால் நாற்பது வருஷமாக இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சைக்கிள் சீட்டைப் பற்றித்தான் வாய் ஓயாமல் பேசுகிறார்கள்.

அதே படத்தில் இன்னொரு சங்கதி, பலர் கவனிக்காமல் விட்டது. காணாமல் போன குழு முன்பு எடுத்ததாக ஒரு செய்திப் படத்தைப் போட்டுக் காட்டுவார்கள். மனிதர்களைச் சுட்டுக் கொல்கிற காட்சிகள். ‘இதெல்லாம் காசு கொடுத்து ஏற்பாடு செய்தது’ என்று கதைக்குள் ஒரு பாத்திரம் சொல்லும். அந்தக் காட்சிகள் நைஜீரியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் எடுக்கப்பட்ட நிஜ மரண தண்டனைகள். நடிப்பை நிஜம் என்று விற்ற அதே படம், பெயர் தெரியாத நிஜ மனிதர்களின் கடைசி நொடியை நடிப்பு என்று சொல்லிக் கடந்துபோனது. அந்த மனிதர்களை நீதிமன்றத்துக்கு அழைத்துவந்து காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

சரி, என் கேள்வியை வைத்து எல்லாவற்றையும் அளந்துவிடலாமா என்றால், அதுவும் முடியவில்லை. கேமராவுக்காகச் செய்வதெல்லாம் தப்பு என்றால் முதலில் என் கடையை மூட வேண்டும். மாலை மாற்றுவதை இரண்டு தடவை செய்யச் சொல்லாத வீடியோகிராபர் சேலத்தில் கிடையாது. ஆவணப்படங்களுக்கெல்லாம் மூத்ததாகச் சொல்லப்படும், ஓர் இனுயிட் குடும்பத்தைப் பற்றிய 1922 ‘நானூக் ஆஃப் தி நார்த்’ படத்தில், உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று பனி வீட்டைப் பாதியாக வெட்டித் திறந்துதான் குடும்பம் தூங்கி எழுவதை எடுத்தார் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி. துப்பாக்கி வைத்திருந்தவர்களை ஈட்டியால் வேட்டையாடச் சொன்னார். படத்தின் நாயகன் நானூக்கின் பெயர்கூட நானூக் இல்லை, அல்லாகாரியல்லாக். வெளிச்சத்துக்காகச் சுவரை வெட்டிய மனிதர்மேல் எனக்குத் தொழில்முறைப் பாசம் உண்டு. மண்டபத்துத் தூணை வெட்ட முடிந்தால் நானும் வெட்டியிருப்பேன். ஈட்டியைத்தான் ஜீரணிக்க முடியவில்லை, அங்கே ஆள் உயிர் போயிருக்கலாம்.

சாவு வீட்டு வீடியோவும் எடுக்கிறோம். இப்போது அது சாதாரணம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு நேரலையில் காட்ட வேண்டும். அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் இறந்துவிட்டார், மகன் சிங்கப்பூரில், லீவு கிடைக்கவில்லை. முகம் பார்க்கிற நேரத்தில் லைன் கட்டாகிவிட்டது. மறுபடி இணைப்பு வந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள். மருமகள் என்னிடம் வந்து, “அண்ணா, அவர் பாக்கலைங்க” என்றாள். பங்காளிகள் முணுமுணுத்தார்கள், எடுக்கிற நேரம் ஆகிவிட்டது. ஒரு பாட்டி மட்டும், “தொறங்கடா, பையன் பாக்கட்டும்” என்றது. திறந்தார்கள். ஓய்ந்திருந்த பெண்கள் மறுபடி ஒப்பாரியை முதலிலிருந்து எடுத்தார்கள். கேமராவுக்காக நடந்த இரண்டாவது டேக் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும், நான் இல்லாவிட்டால் நடந்திருக்காது. முதல் தடவை சடங்குக்காக அழுதவர்கள்கூட இரண்டாவது தடவை போனைப் பார்த்து, அவன் பேர் சொல்லி அழுதார்கள். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. பொய்யில் வைக்க மாட்டேன்.

இப்போது வந்திருப்பது வேறு ரகம். கேமராவே இல்லை. சில மாதம் முன்பு என் மாமா ஒரு வீடியோ அனுப்பினார். ஏற்காடு மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவு, மாலை நேரம். ஒரு சிறுத்தை தடுப்புச் சுவரில் ஏறி நின்று, பைக்கில் போகிறவர் மேல் பாய்கிறது. கூடவே குரல் பதிவு: “யாரும் மலைக்குப் போகாதீங்க, குழந்தை குட்டிய கூட்டிட்டுப் போகாதீங்க.” நான் பார்த்தவுடன் கவனித்தது வளைவில் இருந்த பலகையை. நம் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. வீடியோவில் இருந்த பலகையில் எழுத்து மாதிரி ஏதோ இருந்தது, தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, எண்ணும் இல்லை. பைக்கில் இருந்தவரின் கை ஹேண்டில்பாரோடு கரைந்து போயிருந்தது. கம்ப்யூட்டர் வரைந்த சிறுத்தை, கம்ப்யூட்டர் வரைந்த மலை.

“மாமா, இது ஏஐ” என்றேன்.

“இருக்கட்டுமே, மலையில சிறுத்தை வர்றது புதுசா என்ன? பொய்யா இருந்தாலும் நாலு பேர் ஜாக்கிரதையா இருப்பாங்கல்ல?”

என் கேள்வி இங்கே செல்லுபடியாகாது. கேமரா போகவில்லை, எதுவும் நடக்கவும் இல்லை. குரங்கு சாகவில்லை, லெம்மிங் சாகவில்லை, காலிஃபிளவர்கூட வீணாகவில்லை. பழைய மோண்டோ ஆட்களுக்கு இது கிடைத்திருந்தால் நிறைய உயிர் மிச்சமாகியிருக்கும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. மாமாவுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண ஜோடியைக் கூட்டிக்கொண்டு அவுட்டோர் ஷூட்டுக்கு ஏற்காடு போனேன். பகோடா பாயிண்டில் பையன் பெண்ணைத் தற்செயலாகச் சந்திக்கிற மாதிரி ஒரு காட்சி. நாலு தடவை தற்செயலாகச் சந்தித்தார்கள். இடையில் டீ குடிக்கப் போனால், மிளகாய் பஜ்ஜி போடுகிற அக்கா சும்மா உட்கார்ந்திருந்தது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில்கூட ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அன்றைக்கு எங்கள் வண்டியோடு சேர்த்து விரல்விட்டு எண்ணிவிடலாம்.

“என்னக்கா, கூட்டமே காணோம்?”

“சிறுத்தை வீடியோ ஒண்ணு சுத்துதாம்ல தம்பி. டெம்போகாரங்களுக்கு எல்லாம் புக்கிங் கேன்சலு. அரைச்ச மாவு புளிச்சுப் போகுது. அதை எடுத்தவன் கையில கெடச்சா...” என்று ஆரம்பித்து, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வாழ்த்தைச் சொன்னது.

எடுத்தவன் என்று யாரும் இல்லை அக்கா என்று விளக்கப் பார்த்தேன். “எடுக்காம எப்படித் தம்பி படம் வரும்?” என்று அடுப்பைப் பற்றவைத்தது. நான் பஜ்ஜியைச் சாப்பிட்டபடியே மாமாவின் நம்பரைத் தேடி, போனை அக்கா கையில் கொடுத்துப் பேசச் சொன்னேன்.